“தாத்தா நலமாக இருக்கிறாரா?” – வாசகர் கேள்வி பதில்

தாத்தாவை இழந்த பத்து வயதுச் சிறுவன் ஒருவன் கடவுளைத் தேடிப் புறப்படும் கதை என்று, ‘வைட் அவேக்’ என்னும் அமெரிக்கக் குடும்பத் திரைப்படத்தைப் பற்றிச் சென்ற இதழில் சிறு குறிப்பொன்று எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் சில படத்தைப் பற்றியவை. பல, எழுதியவர்களின் வீட்டில் நேர்ந்த இழப்பைப் பற்றியவை. இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் ஒரே இடத்தில் பதில் தருகிறோம். கடிதம் எழுதியவர்களின் பெயர்களை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: முடிவைச் சொல்லிவிடாமல், படத்தின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல இயலுமா? குழந்தைகளோடு உட்கார்ந்து பார்ப்பதற்கு முன் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பதில்: பிலடெல்பியாவில் உள்ள கத்தோலிக்க ஆண்கள் பள்ளியொன்றில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஜோஷுவா பீல்தான் கதையின் நாயகன். தாய், தந்தை இருவரும் மருத்துவர்கள். தன்மீது உயிரையே வைத்திருந்த தாத்தா புற்றுநோயால் இறந்துபோன பிறகு, அவர் இப்போது நலமாக இருக்கிறாரா என்பது ஒன்றே அவனுக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லக்கூடியவர் கடவுள் ஒருவர்தான். ஆகவே முதலில் கடவுளைக் கண்டுபிடித்தாக வேண்டும் என்று, குழந்தைகளுக்கே உரிய பிசகில்லாத தர்க்கத்தோடு அவன் முடிவெடுக்கிறான். ஒரு கல்வியாண்டின் ஓட்டத்தில் கதை நிகழ்கிறது. செப்டம்பர் மாதம் கேள்விகளுக்கும், டிசம்பர் அடையாளங்களுக்கும், மே மாதம் பதில்களுக்கும் உரியவை என்று இயக்குநர் படத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்.

ஜோஷுவாவாக ஜோசப் கிராஸும், நினைவுக் காட்சிகளில் வரும் தாத்தாவாக ராபர்ட் லோஜியாவும் நடித்திருக்கிறார்கள். பேஸ்பால் பித்துப் பிடித்த கன்னியாஸ்திரி ஆசிரியையாக ரோஸி ஓடானல் வருகிறார். படத்தில் நகைச்சுவை நிறையவே உண்டு. பள்ளிக்கூடக் குறும்புகளுக்கும் குறைவில்லை. அமெரிக்கத் தணிக்கையில் பெற்றோரின் வழிகாட்டுதலோடு பார்க்கத்தக்கது என்னும் பிரிவில் அது வைக்கப்பட்டது. நோயுற்ற முதியவரைக் காட்டும் நினைவுகளும், நண்பன் ஒருவனின் உடல்நிலை திடீரென்று மோசமாகும் காட்சியும் உண்டு என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இயக்குநர் மனோஜ் நைட் சியாமளன் இந்துக் குடும்பத்தில் பிறந்தவர் ஆயிற்றே? கத்தோலிக்கப் பள்ளியைப் பற்றி அவருக்கு எப்படித் தெரியும்?

பதில்: அந்தப் பள்ளி அவர் படித்த பள்ளிதான். புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த மாஹேயில் 1970இல் பிறந்த அவர், பென்சில்வேனியாவில் வளர்ந்தார். தந்தை மலையாளி, தாய் தமிழர். படத்தில் வரும் பெற்றோரைப் போலவே இருவரும் மருத்துவர்கள். மகனைப் பெற்றோர் கத்தோலிக்கப் பள்ளியில் சேர்த்தனர். ஒரு சமயத்தின் சடங்குகளுக்கு நடுவே, அந்தச் சமயத்தைச் சேராத குழந்தையாக வளர்ந்த அனுபவம் திரைக்கதையில் இரண்டு விதமாகப் பயன்பட்டிருக்கிறது: பள்ளியின் அன்றாடம் உள்ளேயிருந்து பார்த்தவரின் நுணுக்கத்தோடு வருகிறது, அதே சமயத்தில், எதையும் ஏன் என்று கேட்கும் வெளியாளின் துணிவும் ஜோஷுவாவுக்கு வாய்த்திருக்கிறது. இதற்கு முன்னர் அவர் இயக்கிய முதல் படமான ‘பிரேயிங் வித் ஆங்கர்’ (1992) சென்னையில் எடுக்கப்பட்டது; அதில் அவரே நாயகனாகவும் நடித்தார். வழிபாட்டைப் பற்றிய யோசனை அவருக்குத் தொடக்கத்திலிருந்தே இருந்திருக்கிறது என்பதற்கு அந்தத் தலைப்பே சான்று.

கேள்வி: இவ்வளவு நல்ல படம் என்றால், அது ஏன் ஓடவில்லை?

பதில்: “இவ்வளவு நல்ல படம்” என்று நாங்கள் எழுதவில்லை, பார்க்கத்தக்க படம் என்றே எழுதியிருந்தோம். 1995இல் படமாக்கப்பட்டு, பெட்டிக்குள் கிடந்து, 1998 மார்ச்சில்தான் வெளிவந்தது. அமெரிக்கத் திரையரங்குகளில் மூன்று லட்சம் டாலரைக்கூட அது ஈட்டவில்லை. அதற்கு அடுத்த ஆண்டு அதே இயக்குநரின் ‘தி சிக்ஸ்த் சென்ஸ்’ உலகெங்கும் 67 கோடி டாலருக்குமேல் வசூலித்தது என்பதை அறிந்தவர்களுக்கு இந்தத் தொகை வியப்பைத் தரும்.

படத்தின் குறைகளையும் சொல்லிவிடுகிறோம். சிறுவன் பேசும் சில வசனங்களில் பத்து வயதைவிட எழுத்தாளரின் வயதே கூடுதலாகத் தெரிகிறது. இசை, அழ வேண்டிய இடத்தை நமக்குச் சுட்டிக்காட்டிக்கொண்டே இருக்கிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, முடிவு. அதைச் சொல்லமாட்டோம், ஆனால் படம் முழுவதும் கேள்வியைப் பொறுமையோடு சுமந்துவந்த கதை, கடைசிச் சில நிமிடங்களில் அவசரப்பட்டு ஒரு பதிலைக் கையில் திணிக்கிறது என்று மட்டும் சொல்வோம். அந்தத் திருப்பத்தைச் சில குழந்தைகள் விரும்புவார்கள். இழப்பை நேரில் அறிந்த குழந்தைகளுக்கு அது எட்டாத பரிசாகத் தோன்றவும் கூடும். தங்களுக்கு அப்படி யாரும் வந்து சொல்லவில்லையே என்று அவர்கள் எண்ணுவது இயல்பு.

படத்தின் உண்மையான பலம் நடுப்பகுதியில் இருக்கிறது. கடவுளைத் தேடிச் செல்லும் சிறுவன், தேடியவரைக் காணாமல், இதுவரை கண்ணில் படாதிருந்த மனிதர்களைக் காண்கிறான். வகுப்பில் எல்லோரையும் மிரட்டும் பையனுக்கும் ஒரு துயரம் உண்டு என்பதும், கேலிக்கு ஆளாகும் பையனுக்கும் ஒரு மனம் உண்டு என்பதும் அவனுக்குத் தெரியவருகின்றன. தன் துக்கத்தினால் அவன் பிறர் துக்கத்தை அடையாளம் காணத் தொடங்குவதை, யாரும் விளக்கிப் பேசாமல், காட்சிகளின் வழியாகவே படம் உணர்த்துகிறது. அந்தப் பகுதிக்காகவே நாங்கள் குறிப்பு எழுதினோம்.

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. அவனுடைய பாட்டி இறந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. “பாட்டி எப்போது வருவார்கள்?” என்று இன்னும் கேட்கிறான். இந்தப் படத்தை அவனுக்குக் காட்டலாமா?

பதில்: இப்போது வேண்டாம். படத்தில் ஆபாசமோ வன்முறையோ இருப்பதனால் இப்படிச் சொல்லவில்லை. ஜோஷுவாவின் கேள்வியும் உங்கள் மகனின் கேள்வியும் வேறு வேறு. தாத்தா திரும்பி வரமாட்டார் என்பது ஜோஷுவாவுக்கு ஐயமறத் தெரியும். அவர் எங்கே, எப்படி இருக்கிறார் என்பதுதான் அவனுடைய கவலை. உங்கள் மகனோ அதற்கு முந்தைய படியில் நிற்கிறான்.

மரியா நாகி என்னும் உளவியலாளர், மூன்று முதல் பத்து வயது வரையிலான 378 ஹங்கேரியக் குழந்தைகளிடம் மரணத்தைப் பற்றிக் கேட்டறிந்தவற்றை 1948இல் வெளியிட்டார். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள் மரணத்தை உறக்கமாகவோ பயணமாகவோ எண்ணினார்கள். ஐந்துக்கும் ஒன்பதுக்கும் இடைப்பட்ட பலர், மரணத்தை ஆளைப் பிடித்துச் செல்லும் ஓர் உருவமாகக் கற்பனை செய்தார்கள். ஒன்பதையொட்டித்தான் அது எல்லோருக்கும் நேர்வது, மீளமுடியாதது என்னும் தெளிவு வந்தது. பிற்கால ஆய்வாளர்கள் இந்த வயதுக் கணக்கைத் திருத்தியிருக்கிறார்கள். இறந்தவர் திரும்பமாட்டார், இறந்த உடல் இயங்காது, பசியோ வலியோ அதற்கில்லை, எல்லா உயிரும் ஒருநாள் இறக்கும் என்னும் செய்திகளைப் பெரும்பாலான குழந்தைகள் ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொள்கிறார்கள் என்பது அவர்களின் முடிவு. உங்கள் மகன் சரியாக அந்த இடைவெளியில் இருக்கிறான். அவன் திரும்பத் திரும்பக் கேட்பதைப் பிடிவாதம் என்றோ, மறதி என்றோ கொள்ள வேண்டாம். ஒவ்வொரு முறையும் அதே பதில்தான் வருகிறதா என்று அவன் சரிபார்த்துக்கொள்கிறான்.

அந்தப் பதில் மாறாமல் இருக்க வேண்டும் என்பதே முக்கியம். பாட்டி தூங்குகிறார் என்று சொன்னால், இரவில் படுக்கைக்குச் செல்ல அவன் அஞ்சலாம். ஊருக்குப் போயிருக்கிறார் என்றால், சொல்லிக்கொள்ளாமல் போனாரே என்று வருந்தலாம். “பாட்டி இறந்துவிட்டார், அவருடைய உடல் வேலை செய்வதை நிறுத்திவிட்டது, இனி வரமாட்டார், எனக்கும் அது வருத்தமாகத்தான் இருக்கிறது” என்னும் எளிய நான்கு தொடர்கள் போதும். படத்தை, அவனுக்கு ஒன்பது அல்லது பத்து வயதாகும்போது, அவனே விரும்பினால் சேர்ந்து பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு ஏற்ற முறையில் மரணத்தைப் பேசிய படமோ நிகழ்ச்சியோ இல்லையா?

பதில்: ஒன்றைச் சொல்லலாம், அது திரைப்படம் அன்று. ‘செசமி ஸ்ட்ரீட்’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் கடைக்காரர் ஹூப்பராக நடித்துவந்த வில் லீ 1982 டிசம்பரில் இறந்துபோனார். வேறொரு நடிகரை அமர்த்துவதோ, அந்தக் கதாபாத்திரம் ஊரைவிட்டுப் போய்விட்டதாகச் சொல்வதோ எளிதாக இருந்திருக்கும். தயாரிப்பாளர்கள் உளவியலாளர்களைக் கலந்தாலோசித்து, அந்தக் கதாபாத்திரமும் இறந்துவிட்டதாகவே காட்டுவதென்று தீர்மானித்தார்கள். 1983 நவம்பர் 24 அன்று, பெற்றோர் வீட்டிலிருக்கும் விடுமுறை நாளாகப் பார்த்து, அந்தப் பகுதி ஒளிபரப்பாயிற்று. பெரிய மஞ்சள் பறவையான பிக் பேர்ட், எல்லோருக்கும் தான் வரைந்த படங்களைக் கொடுத்துவிட்டு, ஹூப்பருக்கு உரியதை அவர் வந்ததும் கொடுக்கக் காத்திருக்கிறது. அவர் வரமாட்டார் என்று பெரியவர்கள் சொல்லும்போது அதற்குக் கோபம் வருகிறது. ஏன் இப்படி ஆக வேண்டும் என்று கேட்கிறது. அப்படித்தான், வேறு காரணம் இல்லை என்பதற்குமேல் அவர்களாலும் எதையும் சொல்ல முடிவதில்லை. அப்போது அந்தப் பெரியவர்களின் கண்கள் கலங்கியிருந்தன; ஒளிப்பதிவுக் கருவியும் அதை மறைக்கவில்லை.

கேள்வி: நான் ஒரு பள்ளி ஆசிரியை. கடவுள் நம்பிக்கையைக் குழந்தைகளிடம் திணிக்கும் படங்களை வகுப்பில் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ‘வைட் அவேக்’ சமயப் பிரசாரம் இல்லையா?

பதில்: கடைசி நிமிடங்களை ஒதுக்கிவைத்துப் பார்த்தால், இல்லை என்றே சொல்வோம். பிரசாரப் படத்தில் ஐயப்படுகிறவன் முட்டாளாகவோ தீயவனாகவோ இருப்பான், இறுதியில் மண்டியிடுவான். இந்தப் படத்தில் ஜோஷுவாவின் நெருங்கிய நண்பனே நம்பிக்கையில்லாதவன். அதனால் அவர்களின் நட்புக்கு ஊறு எதுவும் நேரவில்லை. திருச்சபையின் உயர்ந்த பதவியிலுள்ள கர்தினாலைச் சந்தித்தால் விடை கிடைத்துவிடும் என்று நம்பிச் செல்லும் சிறுவன் அங்கே காண்பது, தளர்ந்துபோன ஒரு முதியவரைத்தான். அதிகாரத்தில் இருப்பவர்களிடமும் ஆயத்த விடை இல்லை என்று காட்டுகிற படத்தைப் பிரசாரம் என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் உங்கள் ஐயம் அடிப்படையற்றது அன்று. நம்பிக்கையைப் பற்றிய குடும்பப் படங்களில் கணிசமானவை, குழந்தையின் அழுகையைச் சீக்கிரம் நிறுத்துவதையே குறிக்கோளாகக் கொண்டிருக்கின்றன. சொர்க்கம் என்ற ஒரு செய்தி வந்ததும் கண்ணீர் துடைக்கப்பட்டு, பாட்டு ஒலித்து, படம் முடிந்துவிடுகிறது. இதில் பாதிக்கப்படுவது நாத்திகம் மட்டுமன்று, நம்பிக்கையும்தான். நம்புகிறவர்களும் அழுகிறார்கள் என்பதை அத்தகைய படங்கள் மறைத்துவிடுகின்றன. ஒரு படத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அது கடவுளைப் பற்றிப் பேசுகிறதா என்று பார்ப்பதைவிட, கடவுளைப் பற்றிப் பேசிய பிறகும் அந்தக் குழந்தையை அழ விடுகிறதா என்று பாருங்கள். எங்களுக்கு உதவிய அளவுகோல் இது ஒன்றே.

வகுப்பில் காட்டுவதைப் பொறுத்தவரை வேறொரு தயக்கம் எங்களுக்கு உண்டு. முப்பது, நாற்பது குழந்தைகளில் அண்மையில் யாரையேனும் இழந்த ஒருவர் இருந்தால், மற்றவர்கள் முன்னிலையில் அழ நேரும் இக்கட்டு அந்தக் குழந்தைக்கு ஏற்படும். முன்கூட்டியே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். விரும்பாத குழந்தை நூலகத்தில் அமர்ந்திருக்க வழி செய்யுங்கள்.

கேள்வி: நான்கு வயதுக் குழந்தை நடித்து விருது பெற்ற பிரெஞ்சுப் படம் ஒன்று இதே பொருளைப் பற்றியது என்று கேள்விப்பட்டேன். எது அது?

பதில்: ழாக் தோயோன் இயக்கிய ‘போனெத்’ (1996). கார் விபத்தில் தாயை இழந்து, தானும் கை முறிந்து கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும் சிறுமியின் கதை. படப்பிடிப்பின்போது நான்கு வயதாக இருந்த விக்துவார் திவிசோல், அவ்வாண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த நடிகைக்கான விருதைப் பெற்றார். அவ்வளவு சிறிய குழந்தையிடமிருந்து அப்படிப்பட்ட துக்கத்தை வரவழைத்தது முறைதானா என்று அப்போதே கேள்வி எழுந்தது. படத்தைப் பார்க்கும்போது உங்களுக்கும் அந்தக் கேள்வி எழும், எழவும் வேண்டும்.

நம்பிக்கையைக் குழந்தைகள் எப்படிக் கையாளுகிறார்கள் என்பதை இவ்வளவு கூர்மையாகக் காட்டிய வேறு படத்தை நாங்கள் பார்த்ததில்லை. இயேசு உயிர்த்தெழுந்தார் என்று அத்தை ஆறுதலுக்காகச் சொல்கிறார். அப்படியானால் அம்மாவும் எழுந்து வருவார் என்று குழந்தை கணக்குப் போட்டு, காத்திருக்கத் தொடங்கிவிடுகிறாள். தந்தைக்கோ இதில் எரிச்சல். பள்ளித் தோழி ஒருத்தி, கடவுளின் பிள்ளையாவதற்குத் தேர்ச்சி பெற வேண்டிய சோதனைகள் என்று தானாகவே சிலவற்றை வகுத்து வைத்திருக்கிறாள். போனெத் அவற்றையும் செய்து பார்க்கிறாள். அவள் கெட்ட பெண் என்பதால்தான் அம்மா இறந்தாள் என்று ஒரு பையன் சொல்கிறான். பெரியவர்கள் ஒருவருக்கொருவர் முரண்பட்டுச் சொன்னவற்றையும், பிள்ளைகள் தங்களுக்குள் இட்டுக்கட்டியவற்றையும் சேர்த்து அந்தக் குழந்தை தனக்கென ஒரு சமயத்தையே கட்டிக்கொள்கிறாள்.

குழந்தைகளோடு பார்க்க வேண்டிய படம் இது அன்று. குழந்தைகள் உறங்கிய பிறகு பெற்றோர் பார்க்க வேண்டியது. தாங்கள் போகிற போக்கில் சொல்லும் ஆறுதல் ஒரு நான்கு வயது மனத்துக்குள் சென்று என்னவாகிறது என்பதை அது காட்டும்.

கேள்வி: மனைவி இறந்தபின், “அம்மா மேலேயிருந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்” என்று என் மகளிடம் அடிக்கடி சொல்லிவந்தேன். நீங்கள் குறிப்பிட்ட படத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். அன்றிரவு, “நான் தப்புச் செய்தாலும் அம்மா பார்ப்பாளா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அவளுக்குப் பதினோரு வயது.

பதில்: அவள் உங்களிடம் கேட்டாளே, அதுவே பாதி நலம். பல குழந்தைகள் இந்த அச்சத்தைச் சொல்லாமல் வைத்துக்கொள்கிறார்கள்.

நீங்கள் சொன்னது தவறான சொல் அன்று. பாஸ்டன் பகுதியில் பெற்றோரில் ஒருவரை இழந்த 125 குழந்தைகளை, ஆறு முதல் பதினேழு வயதுக்குட்பட்டவர்களை, ஃபிலிஸ் சில்வர்மனும் வில்லியம் வோர்டனும் இரண்டாண்டுக் காலம் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். இறந்தவரை மறந்துவிட்டு முன்னேறுவதுதான் துக்கத்திலிருந்து மீளும் வழி என்னும் பழைய கருத்தை அந்த ஆய்வு அசைத்துப் பார்த்தது. குழந்தைகள் இறந்த தாயோடும் தந்தையோடும் மனத்துக்குள் பேசினார்கள், கனவில் கண்டார்கள், அவர்களுடைய பொருள்களை வைத்துக்கொண்டார்கள், அவர்கள் ஓரிடத்தில், பெரும்பாலும் சொர்க்கத்தில், இருப்பதாக எண்ணினார்கள். உறவு அறுந்துவிடவில்லை, உருமாறித் தொடர்ந்தது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரியவந்தது: இறந்தவர் தங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதாக உணர்ந்த குழந்தைகளில் எல்லோருக்கும் அது இனிமையாக இருக்கவில்லை. சிலருக்கு அது அச்சமாகவும் இருந்தது. தாங்கள் செய்யும் பிழைகளை அவர் கண்டுவிடுவாரே என்னும் கவலையே காரணம். உங்கள் மகள் கேட்டது அந்தக் குழந்தைகள் கேட்ட கேள்வியேதான்.

ஆகவே பார்வையை விலக்க வேண்டியதில்லை. அது யாருடைய பார்வை என்பதை நினைவூட்டினால் போதும். அவளுடைய அம்மா உயிரோடிருந்தபோது, மகள் பிழை செய்ததைக் கண்டால் என்ன செய்தார்? ஒருவேளை முதலில் கடிந்துகொண்டு, பிறகு சிரித்திருப்பார். ஒருவேளை உங்களிடம் சொல்லாமல் மறைத்திருப்பார். அத்தகைய ஒரு நிகழ்ச்சியை, உள்ளது உள்ளபடி, அவளுக்குச் சொல்லுங்கள். இறந்தவர்களைக் குறையே இல்லாத தெய்வமாக்கிவிடுவது பெரியவர்களின் வழக்கம். குழந்தைக்குத் தேவைப்படுவது, கோபப்படவும் மன்னிக்கவும் தெரிந்த தன் சொந்த அம்மாதான். இறந்த தாய் பார்க்கிறாள் என்பதை ஒழுங்குபடுத்தும் கருவியாக மட்டும் எக்காலத்திலும் பயன்படுத்திவிடாதீர்கள். “அம்மா பார்த்தால் வருத்தப்படுவாள்” என்னும் ஒரு வாக்கியம் வீட்டில் எவர் வாயிலிருந்து வந்தாலும் அன்போடு தடுத்துவிடுங்கள்.

அவளுடைய உறக்கமோ, படிப்போ, உணவோ பல வாரங்கள் தொடர்ந்து பாதிக்கப்பட்டால், அல்லது அம்மாவின் மரணத்துக்குத் தானே காரணம் என்று அவள் சொன்னால், குழந்தைகளுக்கான உளவியல் ஆலோசகரை நாடுவதில் தாமதிக்க வேண்டாம்.

கேள்வி: திரைப்படம் மகிழ்ச்சிக்காகத்தானே? குழந்தைகளை அழவைக்கும் படங்களை ஏன் பரிந்துரைக்கிறீர்கள்?

பதில்: அழுகையும் சிரிப்பும் ஒரே படத்தில் இருக்கலாமே. டானி பாயில் இயக்கி 2004இல் வெளிவந்த ‘மில்லியன்ஸ்’ படத்தைப் பாருங்கள். தாயை இழந்த இரண்டு சகோதரர்கள். அவர்களில் இளையவனான டேமியனின் கையில் ஒரு பை நிறையப் பணம் வந்து விழுகிறது. இங்கிலாந்து பவுண்டைக் கைவிட்டு யூரோவுக்கு மாறப்போவதாகக் கற்பனை செய்த கதை அது. ஆகவே சில நாட்களில் அந்தப் பணம் செல்லாததாகிவிடும். மூத்தவன் அதை முதலீடு செய்ய எண்ணுகிறான்; இளையவன் ஏழைகளுக்குக் கொடுக்க அலைகிறான். டேமியனின் கண்ணுக்குப் புனிதர்கள் தென்படுகிறார்கள். அவர்களின் பிறப்பு, இறப்பு ஆண்டுகள்கூட அவனுக்கு மனப்பாடம். ஒவ்வொருவரிடமும் அவன் விசாரிப்பது ஒன்றைத்தான்: அங்கே என் அம்மாவைப் பார்த்தீர்களா?

மூத்தவனோ, அம்மா இறந்துவிட்டாள் என்று சொன்னால் ஆட்கள் உடனே இரங்கி எதையாவது கொடுத்துவிடுகிறார்கள் என்பதைக் கண்டுபிடித்து, அதைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்கிறான். அந்தக் காட்சியில் சிரிக்காதவர் இல்லை. ஆனால் அவனும் துக்கத்தில்தான் இருக்கிறான் என்பது பிற்பாடு புரிகிறது. குழந்தையின் துக்கம் எப்போதும் அழுகையாகவே வெளிப்படுவதில்லை. ஐந்து நிமிடம் தேம்பிவிட்டு விளையாடப் போய்விடும் பிள்ளையைக் கண்டு, கல்நெஞ்சம் என்று உறவினர்கள் பேசுவதுண்டு. அந்தப் பேச்சுக்கு இந்தப் படம் நல்ல மறுமொழி.

கேள்வி: நான் எழுபதைக் கடந்தவன். இளமையில் பார்த்த கறுப்பு வெள்ளைப் பிரெஞ்சுப் படம் ஒன்றில் குழந்தைகள் சிலுவைகளைத் திருடுவார்கள். பேரக் குழந்தைகளுக்குக் காட்ட ஆசை.

பதில்: ஐயா, நீங்கள் குறிப்பிடுவது ரெனே கிளெமான் இயக்கிய, 1952ஆம் ஆண்டுப் படம், ஆங்கிலத்தில் ‘ஃபர்பிடன் கேம்ஸ்’. அவ்வாண்டு வெனிஸில் தங்கச் சிங்க விருது அதற்குக் கிடைத்தது. 1940இல் பாரிஸிலிருந்து மக்கள் தப்பி ஓடும்போது, ஜெர்மன் விமானங்களின் தாக்குதலில் தாய் தந்தையரையும் நாய்க்குட்டியையும் பறிகொடுக்கும் சிறுமி போலெத்தும், அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துச் செல்லும் குடியானவர் வீட்டுப் பையன் மிஷெலும் விலங்குகளுக்காக ஓர் இடுகாடு அமைக்கிறார்கள். அதற்குத்தான் அந்தச் சிலுவைகள். பெரியவர்கள் பொருள் மறந்து செய்யும் சடங்கைக் குழந்தைகள் பொருளோடு செய்கிறார்கள் என்பதனாலேயே அது பெரியவர்களின் கண்ணில் குற்றமாகிறது.

மகத்தான படம்; ஆனால் தொடக்கக் காட்சியும் இறுதிக் காட்சியும் சிறு குழந்தைகளுக்குத் தாங்கமுடியாதவை. பேரக் குழந்தைகள் பதின்மூன்று, பதினான்கு வயதை எட்டியிருந்தால் காட்டுங்கள்.

கேள்வி: எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. படத்தைப் பார்த்தபின் என் ஒன்பது வயது மகன், “நம் தாத்தாவும் நன்றாக இருக்கிறாரா?” என்று கேட்டான். பொய் சொல்லவும் மனமில்லை, அவன் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்லவும் மனமில்லை.

பதில்: ஒன்பது வயதில் இந்தக் கேள்வி எழும்போது அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கக்கூடும். தாத்தாவுக்கு வலி இன்னும் இருக்கிறதா என்பது ஒன்று. இதற்கு உங்களால் உறுதியாகவே பதில் சொல்ல முடியும்: வலி இல்லை, பயம் இல்லை, மருத்துவமனை இல்லை. இறுதி நாட்களில் தாத்தா பட்ட வேதனையைக் கண்ட குழந்தைக்கு இதுவே பேராறுதல். இந்த விடையைச் சொல்ல நம்பிக்கை தேவையில்லை. நம்பிக்கை உள்ளவரும் இதை முதலில் சொல்லிவிடுவது நல்லது.

இறந்தபின் மனிதர் எங்கே போகிறார் என்பது மற்றொன்று. “இதைப் பற்றி மனிதர்கள் பலவிதமாக நம்புகிறார்கள். பாட்டி இப்படி நம்புகிறார், நான் அப்படி நம்பவில்லை, நீ பெரியவனாகும்போது உனக்குத் தோன்றுவதை நீயே யோசித்துக்கொள்ளலாம்” என்று சொல்வதில் பொய் எதுவும் இல்லை. உங்களுடைய நம்பிக்கையின்மையையும் ஒரு முடிந்த தீர்ப்பாக அவன்மீது இறக்கிவைக்க வேண்டியதில்லை. அதன்பிறகு அவனிடம், “நீ என்ன நினைக்கிறாய்?” என்று கேளுங்கள், கேட்டுவிட்டு, அவன் சொல்வதைத் திருத்தாதீர்கள். தாத்தா ஒரு நட்சத்திரமாக இருக்கிறார் என்று அவன் சொன்னால் வானியல் பாடம் நடத்த அது நேரமன்று. பாட்டியைப் போலவே தானும் நம்புவதாகச் சொன்னால், அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் இரண்டு கருத்துகள் அருகருகே இருக்கலாம் என்று அவன் அறிந்துகொள்வது, படத்தில் ஜோஷுவாவும் அவனுடைய நண்பனும் கருத்து வேறுபட்டும் நண்பர்களாக இருப்பதை அவன் ஏற்கெனவே பார்த்துவிட்டதனால், அவனுக்குப் புதிதாகவும் இராது.

கேள்வி: இதே இயக்குநரின் ‘தி சிக்ஸ்த் சென்ஸ்’ படத்திலும் சிறுவன் இருக்கிறான், மரணமும் இருக்கிறது. அதையும் குழந்தைகளோடு பார்க்கலாமா?

பதில்: கூடாது. அது திகில் படம். வளர்ந்தவர்களையே உறங்கவிடாத காட்சிகள் அதில் உண்டு. இறந்த பாட்டியைப் பற்றி மகன் தாயிடம் காருக்குள் பேசும் காட்சி மட்டும், ‘வைட் அவேக்’ படத்தின் மிச்சம்போல, மிக மென்மையானது. அந்தக் காட்சிக்காக முழுப் படத்தையும் ஒரு குழந்தை தாங்க வேண்டியதில்லை.

கேள்வி: படம் ஓடிக்கொண்டிருக்கும்போது, தாத்தாவின் நினைவுக் காட்சி வந்ததும் என் மகன் நிறுத்தச் சொல்லிவிட்டான். அதற்குப்பின் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. மீண்டும் போட்டுக் காட்டலாமா, விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடுங்கள். எந்தக் காட்சியில் நிறுத்தச் சொன்னான் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். தாத்தாவைப் பற்றி ஏதேனும் நல்ல நினைவு உங்களுக்கு வரும்போது, படத்தைக் குறிப்பிடாமல், அதை அவன் காதில் விழும்படி வீட்டில் யாரிடமாவது சொல்லுங்கள். அவன் வந்து கலந்துகொண்டால் பேசுங்கள். இல்லையென்றால் உங்கள் பேச்சைத் தொடருங்கள். மீதிப் படத்தை எப்போதாவது அவனே கேட்டால் போடலாம்; கேட்காமலே போனாலும் குறையொன்றுமில்லை.